படத்தில் தெரியாத புள்ளி

தென்காசிக்கும் குற்றாலத்திற்கும் இடையில் உள்ள எங்கள் மேலகரத்திலிருந்து கல்லூரி மலருக்கு எழுத வருவோர், திரிகூடராசப்பக் கவிராயரில் தொடங்கிக் குறவஞ்சியில் முடிப்பது வழக்கம். கவிராயர் பிறந்த மண்ணில் பிறந்த பெருமை எனக்கும் உண்டு. ஆயினும் இவ்வாண்டு நான் எழுத எடுத்துக்கொண்டது ஒரு மருத்துவரின் வாழ்க்கையை. அவர் எங்கள் ஊர்க்காரர் அல்லர். சீர்காழியில் பிறந்து சென்னையில் வாழ்ந்து மறைந்தவர். அவரிடம் என்னைக் கொண்டு சேர்த்தது என் தாத்தாவின் வலக்கை.

தாத்தா தென்காசியில் ஓர் அரிசி மண்டியில் நாற்பது ஆண்டுகள் கணக்கு எழுதியவர். அவர் எழுதிய பேரேடுகளில் ஓர் அடித்தல் திருத்தல் காண்பது அரிது. அந்தக் கை சில ஆண்டுகளாக நடுங்குகிறது. மடியில் சும்மா கிடக்கும்போது அது அமைதியாகத்தான் இருக்கும். தேநீர்க் குவளையை எடுத்தால் ஆடத் தொடங்கும். பேனாவைப் பிடித்தால் இன்னும் மோசம். ஒரு நாள் கையொப்பம் ஒத்துவரவில்லை என்று பெருவிரல் ரேகை வைக்கச் சொல்லிவிட்டார்கள். மை தோய்ந்த விரலைத் துடைக்காமலே வீட்டுக்கு வந்து சேர்ந்தார். அன்றிரவு அவர் சாப்பிடவில்லை.

அதன் பிறகுதான் திருநெல்வேலிக்கு அழைத்துச் சென்றோம். எம்.ஆர்.ஐ. எனப்படும் காந்தப் படம் எடுத்தார்கள். மருத்துவர் அப்படத்தை ஒளிப்பெட்டியில் மாட்டிப் பொறுமையாக விளக்கினார். இது பார்க்கின்சன் நோயன்று, வேலை செய்யும்போது மட்டும் வருகிற வேறுவகை நடுக்கம் என்றார். மருந்துக்கு அடங்காவிட்டால் மூளையின் நடுவே தாலமஸ் என்னும் பகுதியில் ஒரு சிறு புள்ளியைக் குறிவைத்துச் செய்யும் சிகிச்சை உண்டு என்று சொல்லி, பேனா முனையால் படத்தில் ஓர் இடத்தைக் காட்டினார். நான் குனிந்து பார்த்தேன். அங்கே ஒன்றும் இல்லை. சுற்றிலும் இருந்த அதே சாம்பல் நிறந்தான். அந்தப் புள்ளி இப்படத்தில் தனியாகத் தெரியாது, ஆனால் அங்கேதான் இருக்கிறது என்று அவரே சிரித்துக்கொண்டு சொன்னார்.

இயற்பியல் பயிலும் எனக்கு அன்று முதல் உறக்கம் கெட்டது. கண்ணுக்குத் தெரியாத இலக்கை எப்படிக் குறிவைப்பது? அதுவும் இந்தக் காந்தப் படமே இல்லாத நாளில்? இக்கேள்வியோடு நூலகத்தில் புகுந்தபோதுதான் டாக்டர் பி. ராமமூர்த்தியின் பெயர் எதிர்ப்பட்டது. பொதுவுடைமை இயக்கத்துத் தலைவர் பி. ராமமூர்த்தி வேறு, இவர் வேறு. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நானே ஒரு வாரம் தவறான அலமாரியில் தேடிக்கொண்டிருந்தேன்.

ராமமூர்த்தி 1922ஆம் ஆண்டு சனவரி 30ஆம் நாள் சீர்காழியில் பிறந்தார். தந்தையாரும் மருத்துவரே. சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்று, இங்கிலாந்து சென்று, 1947இல் எடின்பரோவில் எஃப்.ஆர்.சி.எஸ். பட்டம் பெற்றார். அந்த ஆண்டு நம் நாடு விடுதலை பெற்ற ஆண்டு. அன்று இந்தியா முழுவதிலும் மூளை அறுவைக்கென ஒரு தனித் துறைகூடக் கிடையாது. இல்லாத ஒரு துறையைத் தேர்ந்துகொண்டு படிப்பதற்கு ஒரு துணிவு வேண்டும். நியூகாசில் நகரில் ரோபாதம் என்னும் அறுவை மருத்துவரிடம் பயிற்சி பெற்றார். பின்னர்க் கனடாவின் மான்ட்ரியல் நகரில் பென்ஃபீல்டிடம் சென்றார்.

பென்ஃபீல்டைப் பற்றி இங்கே இரண்டு வார்த்தை சொல்லியாக வேண்டும். வலிப்பு நோயாளிகளின் மண்டையோட்டைத் திறந்து, அவர்களை விழித்திருக்கச் செய்து, மூளையின் மேற்பரப்பை மெல்லிய மின்சாரத்தால் தொட்டுத் தொட்டுப் பார்த்தவர் அவர். ஓரிடத்தைத் தொட்டால் விரல் அசையும். இன்னோரிடத்தைத் தொட்டால் நோயாளிக்கு உதடு மரத்துப் போகும். மூளைக்கு வலியுணர்வு இல்லையாதலின் இது இயலும். இவ்வாறு நோயாளியின் வாய்மொழியையே துணையாகக் கொண்டு மூளைக்கு ஒரு வரைபடம் வரைந்தார் பென்ஃபீல்டு. இளைஞர் ராமமூர்த்தி அங்கே கண்ட இந்தக் காட்சி பிற்காலத்தில் அவருக்குப் பெரிதும் கைகொடுத்திருக்க வேண்டும் என்பது என் எண்ணம்.

1949இல் வேலூரில் டாக்டர் ஜேக்கப் சாண்டி இந்தியாவின் முதல் நரம்பியல் அறுவைத் துறையைத் தொடங்கினார். அடுத்த ஆண்டு, 1950 அக்டோபரில், சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் ராமமூர்த்தி தொடங்கினார். சென்ட்ரல் ரயில் நிலையத்துக்கு எதிரே உள்ள அந்த மருத்துவமனையை அறியாத தமிழர் இலர். காசில்லாதவன் போய்ச் சேரும் இடம் அது. மூளை அறுவை பெருநகரத்துச் செல்வர்க்கு மட்டும் உரியதாக ஆகிவிடாமல், தர்ம ஆஸ்பத்திரி என்று நம் பாட்டிமார் சொல்லும் இடத்தில் இங்கே வேரூன்றிற்று. இதை நான் ஒரு பெரிய நற்பேறாகக் கருதுகிறேன். மறு ஆண்டே, 1951இல், சாண்டி, ராமமூர்த்தி, எஸ்.டி. நரசிம்மன், பல்தேவ் சிங் ஆகிய நால்வரும் சேர்ந்து இந்திய நரம்பியல் கழகத்தைத் தோற்றுவித்தனர். நான்கு பேர் கூடி ஒரு நாட்டுக்கே கழகம் அமைத்தது இன்று வியப்பாக இருக்கிறது. அன்று அத்துறையில் இருந்தவர்களே மிகச் சிலர்தான்!

தொடக்க ஆண்டுகளில் அவரிடம் வந்தவர்கள் தலையில் அடிபட்டவர்களும் மூளையில் கட்டி உள்ளவர்களுமே. மேலை நாட்டு நூல்களில் அருகிக் காணப்பட்ட மூளைக் காசநோய்க் கட்டி நம் நாட்டில் மிகுதி. அதைப் பற்றி ராமமூர்த்தியும் அவர் குழுவினரும் எழுதியவை உலக அரங்கில் கவனிக்கப்பட்டன. அந்தக் கதை தனியே எழுதத்தக்கது. நான் நடுக்கத்திற்கு வருகிறேன்.

கைநடுக்கம் நம்மவர்க்குப் புதிதன்று. சித்த மருத்துவம் நடுக்குவாதம் என்று அதைக் குறிக்கும். நம் மலையடிவாரத்தில் வளரும் பூனைக்காலியின் விதை அதற்கு மருந்தாக வழங்கி வந்தது. 1937இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் உயிர்வேதியியல் கூடத்தில் தாமோதரனும் ராமசாமியும் அவ்விதையிலிருந்து டோப்பா என்னும் பொருளைப் பிரித்தெடுத்தனர். முப்பதாண்டுகளுக்குப் பின் அதே டோப்பாதான் பார்க்கின்சன் நோய்க்கு உலகம் முழுவதும் மருந்தாயிற்று. ஆனால் 1950களில் அது யாருக்கும் தெரியாது. லண்டன் மருத்துவர் ஜேம்ஸ் பார்க்கின்சன் 1817இல் அந்நோயை விவரித்து எழுதி நூற்று முப்பது ஆண்டுகள் கடந்தும், சொல்லத்தக்க மருந்து ஒன்றும் கைவரவில்லை. எஞ்சியிருந்த வழி கத்தி ஒன்றுதான்.

கத்தி எங்கே பாய வேண்டும் என்பதை ஒரு விபத்து காட்டிக்கொடுத்தது. 1952இல் அமெரிக்காவில் கூப்பர் என்பவர் ஒரு நோயாளிக்கு வேறோர் அறுவை செய்துகொண்டிருக்கையில் ஒரு சிறு இரத்தக் குழாய் அறுந்துவிட்டது. அதைக் கட்டிவிட்டு அறுவையை நிறுத்திக்கொண்டார். நோயாளி கண்விழித்தபோது நடுக்கம் நின்றிருந்தது! அக்குழாய் ஊட்டிய ஆழ்பகுதிகளில்தான் நடுக்கத்தின் முடிச்சு இருக்கிறது என்று புலனாயிற்று. ஜெர்மானியர் ஹாஸ்லர் முதலியோர் தாலமஸின் ஒரு சிறு கருவைச் சுட்டிக்காட்டினர். அக்கரு சில மில்லிமீட்டர் அளவே உள்ளது. அதன் பின்புறத்தில் தொடுவுணர்வுக்கு உரிய பகுதி. அதை அடுத்து வெளிப்புறத்தில் கைகால் இயக்கத்தின் நரம்புப் பாதை. மூன்று மில்லிமீட்டர் பின்னால் போனால் கை மரக்கும். மூன்று மில்லிமீட்டர் வெளியே போனால் கை விழும். நடுக்கத்தோடு வந்தவன் பக்கவாதத்தோடு திரும்புவான்.

இங்கேதான் படம் வேண்டியிருந்தது. எக்ஸ் கதிர்ப் படத்தில் எலும்பு தெரியும், மூளை தெரியாது. ஆனால் மூளையின் நடுவே நீர் நிறைந்த அறைகள் உண்டு. அந்நீரைச் சிறிது எடுத்துவிட்டு அவ்விடத்தில் காற்றைச் செலுத்தினால், அறைகளின் வடிவம் படத்தில் கறுப்பாகத் தெரியும் என்று 1918இல் அமெரிக்கர் டாண்டி கண்டிருந்தார். பின்னாளில் காற்றுக்குப் பதிலாகக் கதிரை மறைக்கும் திரவத்தையும் செலுத்தினர். மூன்றாம் மூளை அறையின் முன்னும் பின்னும், முன் இணைப்பு, பின் இணைப்பு என இரண்டு நரம்புக் கற்றைகள் குறுக்கே செல்கின்றன. அவ்விரண்டின் இடமும் இந்தப் படத்தில் அகப்படும். இரண்டுக்கும் இடையே ஒரு கோடு வரைந்தால் அது ஏறத்தாழ 25 மில்லிமீட்டர். பின் இணைப்பிலிருந்து அக்கோட்டில் கால் பங்கு முன்னே வர வேண்டும். நடுக்கோட்டிலிருந்து 14 மில்லிமீட்டர் அளவு பக்கவாட்டில் செல்ல வேண்டும். அங்கே இருக்கிறது இலக்கு. இலக்கை யாரும் பார்க்கவில்லை. அதன் அக்கம்பக்கத்து வீடுகளைப் பார்த்து முகவரியைக் கண்டுபிடித்தார்கள்.

அம்முகவரிக்குப் போய்ச் சேர ஒரு சட்டம் தேவை. 1908இல் லண்டனில் ஹார்ஸ்லியும் கிளார்க்கும் விலங்குகளின் மூளை ஆய்வுக்காக அத்தகைய சட்டம் ஒன்றை அமைத்தனர். 1947இல் ஃபிலடெல்ஃபியாவில் ஸ்பீகலும் வைசிஸும் அதை மனிதருக்கு ஏற்றவாறு மாற்றினர். நாம் பள்ளியில் வரைபடத்தாளில் எக்ஸ், ஒய் என்று அச்சுகள் வரைந்து புள்ளி வைத்தோமே, அதனுடன் மூன்றாவதாக ஓர் அச்சையும் சேர்த்து உலோகத்தில் செய்து தலையில் பூட்டினால் அதுவே இக்கருவி. ஸ்டீரியோடாக்டிக் முறை என்பது இதன் பெயர்.

ராமமூர்த்தியின் குழுவினர் 1960களில் சென்னையில் இம்முறையை வளர்த்தனர். அவரோடு டாக்டர் வி. பாலசுப்பிரமணியம், டாக்டர் எஸ். கல்யாணராமன், டாக்டர் டி.எஸ். கனகா ஆகியோர் இருந்தனர். கல்யாணராமன் எடின்பரோவில் கில்லிங்காமிடம் இக்கலையைப் பயின்றவர். கனகா 1968இல் நரம்பியல் அறுவையில் பட்டம் பெற்றவர். ஆசியாவின் முதல் பெண் நரம்பியல் அறுவை மருத்துவர்களுள் ஒருவர். பட்டமும் பாராட்டும் தலைவருக்குப் போய்ச் சேர்வது உலக வழக்கு. ஆனால் இப்பணியில் பாலசுப்பிரமணியத்தின் கையும் கனகாவின் கையும் இல்லாத பக்கம் ஒன்றுமில்லை.

அந்த அறுவை அரங்கை மனக்கண்ணில் கொண்டுவந்து பாருங்கள். மொட்டையடித்த தலையில் உலோகச் சட்டம் திருகாணிகளால் இறுக்கப்பட்டிருக்கிறது. தோலுக்கு மட்டுமே மரப்பு ஊசி, நோயாளி விழித்திருக்கிறார். மண்டையில் ஒரு சிறு துளையிட்டு அறைக்குள் காற்று செலுத்தப்படுகிறது. காற்று புகுந்தால் தலைவலி தாங்க இயலாது. நேர்முகமாக ஒரு படம், பக்கவாட்டில் ஒரு படம். படம் கழுவி வர வேண்டும். அது வரும்வரை எல்லோரும் காத்திருக்க வேண்டும்.

படம் வந்ததும் கணக்கு தொடங்கும். இந்தக் கணக்குதான் என்னைக் கட்டிப்போட்டது. எக்ஸ் கதிர் ஒரு புள்ளியிலிருந்து விரிந்து வருவதால் நிழல் பொருளைவிடப் பெரிதாகும். கதிர்க்குழாய் தலையின் நடுவிலிருந்து 100 சென்டிமீட்டர் முன்னும், படத்தகடு 20 சென்டிமீட்டர் பின்னும் இருப்பதாகக் கொள்வோம். அப்போது 25 மில்லிமீட்டர்க் கோடு படத்தில் 30 மில்லிமீட்டராகத் தெரியும். அதை உண்மை என்று நம்பி அளந்தால் அந்த ஐந்து மில்லிமீட்டரில் ஒரு மனிதனின் கை போய்விடும். குழாயை 400 சென்டிமீட்டர் தள்ளி வைத்தால் அதே கோடு 26.25 ஆகச் சுருங்கும். எனவே குழாயைத் தொலைவில் வைக்க வேண்டும். அல்லது கழித்துக் கணக்கிட வேண்டும். ஒத்த முக்கோணங்களைப் பற்றிப் பத்தாம் வகுப்பில் படித்தபோது அது எதற்குப் பயன்படும் என்று நான் ஆசிரியரைக் கேட்டதுண்டு. விடை இவ்வளவு நாள் கழித்துக் கிடைத்தது.

கணக்கு சரியென்றாலும் அது போதாது. ஒருவர் மூளை போல் மற்றொருவர் மூளை இராது. ஆகவே மின்முனையை அவ்விடத்தில் இறக்கி, முதலில் மெல்லிய மின்சாரம் கொடுத்துப் பார்ப்பார்கள். விரல் நுனி மரக்கிறது என்று நோயாளி சொன்னால் முனை பின்னால் போய்விட்டது. முகமோ கையோ இழுத்தால் வெளியே போய்விட்டது. இரண்டுமின்றி நடுக்கம் மட்டும் அடங்கினால் அதுவே இடம். பிறகு முனையைச் சூடாக்கி, சுமார் 70 டிகிரியில், ஏறத்தாழ ஒரு நிமிடம் அப்புள்ளியைச் சுடுவார்கள். ஓராயிரம் முறை எழுதியும் அலுக்காத கை ஒன்று, ஆடி ஆடி ஓய்ந்த கை ஒன்று, அந்த ஒரு நிமிடத்தில் மேசைமேல் அசையாமல் நிற்கும். படம் ஊரைக் காட்டிற்று. வீட்டை அடையாளம் காட்டியவர் நோயாளியே. இதைத்தான் பென்ஃபீல்டிடம் கண்ட காட்சியோடு நான் பொருத்திப் பார்த்தேன்.

பெங்களூரில் டாக்டர் மார்த்தாண்ட வர்மா இதே காலத்தில் வேறொரு வழி கண்டார். மண்டையோட்டின் அடியில் இயற்கையாகவே உள்ள ஒரு துளையின் வழியே ஊசியைச் செலுத்தி, விலை மிகுந்த சட்டம் இல்லாமலே ஆழ்பகுதியை அடைந்தார். ஏழை நாட்டு மருத்துவரின் சாமர்த்தியம் இது. அடுத்தடுத்த இரண்டு நகரங்களில் இரண்டு பாதைகள் ஓர் இலக்கை நோக்கிச் சென்றன.

ஒன்றை மறைக்காமல் எழுத வேண்டும். நடுக்கத்திற்குப் பயன்பட்ட அதே சட்டமும் அதே கணக்கும் சென்னையில் வேறு நோக்கத்திற்கும் பயன்பட்டன. அடங்காத சீற்றமும் ஓயாத துறுதுறுப்பும் உள்ள மனவளர்ச்சி குன்றியவர்களை அமைதிப்படுத்துவதற்கென மூளையின் வேறு பகுதிகள் சுடப்பட்டன. போதைப் பழக்கத்திற்கும் அவ்வாறு செய்யப்பட்டது. குழுவினர் இதை மறைவாகச் செய்யவில்லை. உலக ஏடுகளில் எழுதினர். வேறு வழியற்று வந்த பெற்றோரின் துயரமும் பொய்யன்று. ஆயினும் 1970களில் உலகெங்கும் இதற்கு எதிர்ப்பு எழுந்தது. இவ்வகை அறுவைகள் பெரும்பாலும் கைவிடப்பட்டன. என் வரையில், நடுங்கும் கையுடையவர் தாமே கேட்டு வந்து, தாமே இடத்தைச் சொல்லித் தருகிறார். மற்றவர் சார்பில் பேசியவர் வேறொருவர். நான் மதிக்கும் ஒருவரின் வரலாற்றில் இந்தப் பக்கத்தை என்னால் அமைதியாகப் படிக்க முடியவில்லை.

1960களின் இறுதியில் டோப்பா மருந்து வந்தது. நம் பூனைக்காலிப் பொருள் வேதிக் கூடத்திலிருந்து மாத்திரையாக இறங்கியதும், நடுக்கத்திற்கான அறுவை உலகெங்கும் திடுமெனக் குறைந்தது. பல நாடுகளில் சட்டங்கள் தூசி படிந்தன. ஆனால் மருந்து எல்லா நடுக்கத்தையும் தீர்க்கவில்லை. என் தாத்தாவின் நடுக்கம் டோப்பாவுக்கு அசையாத இனம். ஆகவே கலை மறையவில்லை. 1975இல் டாக்டர் கனகா மூளையின் ஆழத்தில் நிலையாக மின்முனை பதிக்கும் சிகிச்சையை இந்தியாவில் தொடங்கினார். 1987இல் பிரான்சின் கிரெனோபிள் நகரில் பெனாபிட், புள்ளியைச் சுடுவதற்குப் பதிலாக இடைவிடாத மின்துடிப்பால் நடுக்கத்தை அடக்கலாம் எனக் காட்டினார். அன்று முதல் அறுவை புத்துயிர் பெற்றது.

படமும் மாறிற்று. 1971இல் ஹவுன்ஸ்ஃபீல்டின் கருவி மூளையைக் குறுக்குவெட்டாகக் காட்டிற்று. அடுத்து வந்த காந்தப் படம் முன் இணைப்பையும் பின் இணைப்பையும் காற்றில்லாமல், தலைவலியில்லாமல் காட்டிற்று. ஆயினும் தாலமஸின் அந்தச் சிறு கரு சாதாரணக் காந்தப் படத்தில் இன்றும் தனித்துத் தெரிவதில்லை. சிறுமூளையிலிருந்து அக்கருவுக்கு வரும் நரம்பிழைகளின் வழியை, நீர்மூலக்கூறுகள் பரவும் திசையைக் கொண்டு வரைந்து, அதன் முடிவில் இலக்கைத் தேடுகிறார்கள். அண்மைக் காலத்தில், மண்டையைத் துளைக்காமலே காந்தப் படக் கருவிக்குள் வைத்து, மீயொலி அலைகளைக் குவித்து அப்புள்ளியைச் சூடாக்கும் முறையும் வந்துள்ளது. 2016இல் அமெரிக்க அரசு அதற்கு ஒப்புதல் அளித்தது. இன்று தமிழ்நாட்டிலும் உண்டு. அதிலும் நோயாளி விழித்தே இருக்கிறார்.

ராமமூர்த்தி 1973இல் பத்மபூஷண் விருது பெற்றார். டாக்டர் சஞ்சீவி நிறுவிய அடையாறு தன்னார்வ மருத்துவ நிலையத்தில் லட்சுமிபதி நரம்பியல் அறுவை மையத்தை உருவாக்கினார். டில்லி டாக்டர் டாண்டனுடன் இணைந்து நரம்பியல் அறுவைக்குப் பாடநூல் தொகுத்தார். தம் வரலாற்றையும் எழுதினார். தம்மிடம் பயின்றவர்கள் நாடெங்கும் துறைகளைத் தொடங்குவதைக் காணும் பேறு அவருக்கு வாய்த்தது. காந்தப் படத்தைக் கண்டறிந்த லாட்டர்பருக்கும் மான்ஸ்ஃபீல்டுக்கும் 2003 டிசம்பர் 10ஆம் நாள் ஸ்டாக்ஹோமில் நோபல் பரிசு வழங்கப்பட்டது. மூன்று நாள் கழித்து, டிசம்பர் 13ஆம் நாள், சென்னையில் ராமமூர்த்தி காலமானார். வயது எண்பத்தொன்று.

இவ்வளவையும் தாத்தாவுக்கு இரண்டு மாலைகளில் சொன்னேன். அறுவையின்போது விழித்திருக்க வேண்டும் என்ற செய்தி அவரை அச்சுறுத்தும் என்று நினைத்தேன். மாறாக, அதுதான் அவருக்குப் பிடித்திருந்தது. சிகிச்சையின் நடுவே ஒரு காகிதத்தில் சுழி வரையச் சொல்லிப் பார்ப்பார்கள் என்றேன். சுழி எதற்கு, ஒன்று முதல் பத்துவரை எழுதச் சொல்லக் கூடாதா என்று கேட்டார். சாரல் முடிந்ததும் மீண்டும் திருநெல்வேலிக்குப் போவதென்று முடிவாகியிருக்கிறது. நேற்று நாட்காட்டித் தாளின் பின்புறத்தில் சுழி ஒன்று வரைந்து கொடுத்தார். கோடு ஒன்றோடொன்று மோதி, மழைநீரில் கலைந்த கோலம் போல் இருந்தது. அதன் அடியில் தேதியிட்டு என் இயற்பியல் நூலுக்குள் வைத்திருக்கிறேன்.